மஞ்சள் பூசாத சொற்கள்

ஜனவரி 13, திங்கள்

இல்லை, எனக்கு அந்த விளையாட்டு தெரியாது. ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எழுதுவதைத்தான் படிக்கிறேன். இரண்டும் வேறு.

பெருங்குடியில் ஏழாவது மாடி. அமெரிக்க விளையாட்டுத் தளம் ஒன்றுக்கு வரும் கருத்துகளில் எது இருக்கலாம், எதை எடுக்கலாம் என்று சொல்கிற வேலை. காலை ஆறு முதல் மூன்று வரை. அங்கே ஞாயிறு இரவு ஆட்டம் நடக்கும்போது இங்கே திங்கள் விடிந்திருக்கும். இன்று போகி. தரமணி தாண்டும்போது ஒரே டயர் புகை. ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

பத்து மணிவாக்கில் திரை நிரம்பி வழிந்தது. என்ன நடந்தது என்று பக்கத்து இருக்கை வாசிம்தான் சொன்னான். ஹெரான்ஸ் என்று ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி; பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம். நாரைகள். ஏரிக்கரை நகரம் ஒன்றின் அணி. ஆட்டத்தின் கடைசி நொடிகள். நாரை அணிக்காரன் ஒருவன் மைதானத்தின் மூலையில் எம்பிப் பந்தைப் பிடித்தான். இறங்கும்போது இரண்டு காலும் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே பட வேண்டும். ஒரு கால் பட்டது. மற்றொரு காலின் குதிகால் கோட்டில் பட்டதென்று அங்கே நின்ற நடுவர் கையசைத்தார். பிடி செல்லாது. அணி தோற்றது. இந்த ஆண்டுப் போட்டிப் பருவம் அவர்களுக்கு முடிந்தது.

காணொளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். குதிகாலுக்கும் கோட்டுக்கும் நடுவே புல்லின் பச்சை தெரிகிறதா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தலைமை நடுவர் மைக்கில் அறிவித்தார்: தீர்ப்பு நிற்கிறது.

சரி என்று அவர் சொல்லவில்லை. நிற்கிறது என்றார். மாற்றப் போதுமான சான்று இல்லாவிட்டால் அப்படித்தான் சொல்வார்களாம். சரியான தீர்ப்புக்கு வேறு சொல் இருக்கிறது.

ஒவ்வொரு கருத்தும் ஒரு சந்தேகத்தோடு எங்களிடம் வரும். இயந்திரம் தான் சந்தேகப்பட்ட சொற்களுக்கு மஞ்சள் பூசி அனுப்பும். மஞ்சளை மட்டும் பாருங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். முழுவதையும் படித்தால் வரிசை நகராது. இரண்டு மாதத்தில் கண் பழகிவிட்டது. இப்போது பேருந்துப் பலகையில்கூட மஞ்சளைத் தேடுகிறது.

ஆட்களின் புனைபெயர்களை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் அப்படி. இதை எழுதவே கூடாதோ என்னவோ.


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வேலை. விடுதிக்காரம்மா எனக்கென்று ஒரு டம்ளரில் சர்க்கரைப் பொங்கல் எடுத்து வைத்திருந்தார். மாலையில் ஆறிக் கல்லாகியிருந்தது. சாப்பிட்டேன்.

கோவில்பட்டியிலிருந்து அம்மா.

"என்னட்டி, அமெரிக்காக்காரனுக்குப் பொங்கல் கிடையாதுன்னா ஒனக்குமா கிடையாது?"

"லீவு தரமாட்டாங்கம்மா."

"அப்படி என்னதான் பாக்க அந்தக் கம்ப்யூட்டர்ல?"

"சண்ட போடுறவங்களப் பாக்கேன்."

"அதுக்கு நம்ம தெருவுலயே இருந்திருக்கலாம்லா."

சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

இன்று ஒருவர் ஒரே கருத்தை மூன்று முறை போட்டிருந்தார். பெயர், 'பிரிவு 114'. அரங்கில் அவர் உட்காரும் இடம்.

"நான் 114-ல் உட்கார்ந்திருந்தேன். அந்த மூலை என் காலடியில்தான் இருக்கிறது. பச்சை இருந்தது."

மூன்று முறையும் எழுத்து மாறவில்லை. வயதானவராக இருக்க வேண்டும். பொத்தான் அமுங்கியதா என்று தெரியாமல் மறுபடி மறுபடி அமுக்குகிற கை. அப்பா ஏடிஎம்மில் அப்படிச் செய்வார். விதிப்படி அது குப்பைப் பதிவு. இரண்டை எடுத்தேன், ஒன்றை விட்டேன். அவர் கணக்கில் ஓர் எச்சரிக்கை ஏறியது. இன்னொரு முறை மீறினால் ஏழு நாள் எழுத முடியாது.


ஜனவரி 16, வியாழன்

சண்டை ஓயவில்லை. நடுவரின் வீட்டு முகவரி, அவர் மகளின் பள்ளி, அவருக்கு வர வேண்டிய நோய்கள். காலையிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தேன்.

'வரிக்குதிரைகளை ஒழிக்க வேண்டும்' என்று ஒன்று. நிறத்தைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று நினைத்து எடுக்கப் போனேன். வாசிம் எட்டிப் பார்த்தான்.

"ஐயோ, அது ரெஃப்ரீங்கமா. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்ட போட்டுனு நிப்பானுங்கல்ல, அதுக்குச் சொல்றது. நீ தூக்க ஆரம்பிச்சா இன்னிக்கு மொத்த அமெரிக்காவும் காலி."

இத்தனைக்கும் நடுவே இரண்டு பேர் மட்டும் மரியாதையாகச் சண்டை போடுகிறார்கள். ஒருவர் 114. இன்னொருவர் பெயர் 'வடக்கு வாசல்'. இவரும் நாரை அணி ரசிகர்தான். ஆனால் தீர்ப்பு சரி என்கிறார். அதற்காக மற்ற ரசிகர்கள் அவரைத் துரோகி என்கிறார்கள்.

வடக்கு வாசல்: "நான் எதிர்முனையில் நின்றேன். பெரிய திரையில் தெளிவாகத் தெரிந்தது. குதிகால் கோட்டில் இருக்கிறது."

114: "பெரிய திரை பீர் விற்பதற்காக வைத்தது. நான் கண்ணால் பார்த்தேன்."

வடக்கு வாசல்: "அந்தக் கண்ணுக்கு வயது என்ன?"

114: "எழுபத்தொன்பது. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை."

இதில் மஞ்சள் எதுவும் இல்லை. என்னிடம் வந்திருக்கவே வேண்டாம். வேறொரு கருத்தைப் பார்க்கத் திறந்த பக்கத்தில் கீழே இருந்தது.


ஜனவரி 17, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். முடி காய்வதற்குள் வண்டி வந்துவிட்டது.


ஜனவரி 20, திங்கள்

ஓர் ஆட்டக்காரன் பந்தைப் 'பிடித்தான்' என்று எப்போது சொல்லலாம்? கையில் வந்தால் போதாது. கையில் வைத்தபடி தரையில் இறங்க வேண்டும். இறங்கிய பிறகும் பந்து அவனுடையதாகவே இருக்க வேண்டும். நடுவில் நழுவினால், பிடித்ததே இல்லை என்று ஆகிவிடும்.

இதை யாரோ புதியவர் கேட்டதற்கு 114 பொறுமையாக விளக்கியிருந்தார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சாப்பாட்டு நேரத்தில் அவருடைய பழைய கருத்துகளையும் படித்தேன். ஆட்டம் புரிந்தால் வேலை எளிதாகும்.

வடக்கு வாசல் இன்று கேட்டிருந்தார்: "உங்கள் பக்கத்து இருக்கைக்காரரும் பச்சையைப் பார்த்தாரா?"

114: "பக்கத்து இருக்கையும் என்னுடையதுதான். அதில் என் குளிர் கோட்டு உட்காரும், நான்கு வருடமாக. அதற்கு முன் என் மனைவி. நடுவர்களைத் திட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி."

அதற்கு வடக்கு வாசல்:

"சரி, கோட்டு என்ன சொல்கிறது?"

114: "கோட்டும் பச்சை என்கிறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாசிம் திரும்பிப் பார்த்தான். இருமினேன்.

இருவரும் ஒரே ஊர். ஒருவருடைய நிஜப் பெயர் மற்றவருக்குத் தெரியாது. விடுதியில் என் அறையில் இருக்கும் பெண்ணுடைய முழுப்பெயர் எனக்கும் தெரியாது. ஷிஃப்ட் வேறு. அவள் தூங்கும்போது நான் கிளம்புவேன்.


ஜனவரி 22, புதன்

நிறைய டிக்கெட் விற்பனை இன்று. கோபத்தில் அடுத்த பருவத்து இருக்கைகளை விற்கிறார்கள். கருத்துப் பகுதியில் விற்பனை கூடாது. வரிசையாக எடுத்தேன். 114-உம் அதில் இருந்தார். இரண்டு டிக்கெட். கூடவே மருத்துவமனை, மாடி, அறை எண் என்று முகவரி. தனிநபர் முகவரியும் கூடாது. இரட்டை மீறல். எடுத்தேன். எச்சரிக்கை ஏற்கெனவே இருந்ததால் ஏழு நாள் தடை தானாக விழுந்தது.

அவரும் வடக்கு வாசலும் நேற்றே முறைத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கு வாசல் கடைசியாக எழுதியது: "பெரியவரே, கண் டாக்டரைப் போய்ப் பாருங்கள். எங்களை விடுங்கள். உங்களுக்கு வேறு வாழ்க்கையே இல்லையா?" மஞ்சள் இருந்தது. வசை அல்ல. விட்டேன்.

விடுதியில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குக் காத்திருந்து இரண்டு வாளி பிடித்தேன்.


ஜனவரி 23, வியாழன்

டீம் லீடர் ஹேமா கூப்பிட்டார். நேற்றைய முடிவுகளில் சிலவற்றை எடுத்துத் தரம் பார்த்திருக்கிறார்கள். 114-இன் கருத்தும் அதில் ஒன்று.

"ரெண்டு மீறலையும் ஒரே பார்வையில புடிச்சிருக்க. நிறைய பேர் டிக்கெட்டப் பார்த்துட்டு அட்ரஸ விட்டுடுவாங்க. புது பேட்ச் ட்ரெயினிங்ல இதையே எக்ஸாம்பிளா காட்டப்போறேன்."

"பேரோடயா?"

"பேரை மறைச்சுட்டுத்தான்."

காபி வாங்கிக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகு யாரோ என்னைப் பாராட்டியது இதுதான் முதல் முறை. அம்மாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். எதைச் செய்ததற்காக என்று கேட்பாள்.


ஜனவரி 25, சனி

ஒரு புகைப்படம் வந்திருக்கிறது. அந்த மூலையில் உட்கார்ந்திருந்த யாரோ கைபேசியில் எடுத்தது. குதிகால், வெள்ளைக் கோடு, நடுவே விரல் அகலத்துக்குப் பச்சை.

பிடி நல்ல பிடி. தீர்ப்பு தவறு. இனி எதுவும் மாறாது. அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டால் பழைய தீர்ப்பைத் தொட முடியாது. அதற்குப் பிறகு பத்து ஆட்டம் போய்விட்டது.

வடக்கு வாசல் எழுதினார்: "114, நீங்கள் சொன்னது சரி. வந்து என்னைத் திட்டுங்கள். காத்திருக்கிறேன்."

ஷிஃப்ட் முடியும் நேரத்தில்: "114? கோபமா?"

பிறகு: "பக்கத்து இருக்கைக் கோட்டையாவது பதில் சொல்லச் சொல்லுங்கள்."

தடையில் இருப்பவர் படிக்கலாம், எழுத முடியாது. தடையில் இருக்கிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எப்படியும் படித்திருப்பார்.


ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு நாள். வேலை. 114-க்கு இன்னும் மூன்று நாள்.


ஜனவரி 29, புதன்

தடை இன்று முடிந்தது. நான் அதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வரிசையில் வந்ததைத்தான் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வண்டியை விட்டுவிட்டேன். ஆறு வரை இருந்துவிட்டுப் பறக்கும் ரயிலில் ஏறினேன். ரயிலில் ஓர் அம்மாள் என் தோளில் சாய்ந்து தூங்கினார். எழுப்பவில்லை. என் நிலையமான திருவான்மியூர் தாண்டி, அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.


ஜனவரி 30, வியாழன்

எதுவும் இல்லை.

எடுத்த கருத்துகள் எங்கள் பக்கத்தில் ஒரு மாதம் இருக்கும். இன்று திறந்தேன். முதல் முறையாக முழுவதையும் படித்தேன்.

பேனாவோ தாளோ உள்ளே கொண்டுபோகக் கூடாது. மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். எம்.ஏ. முடித்த பிறகு எதையும் மனப்பாடம் செய்ததில்லை.

"நடுவரைத் திட்டி எனக்கு அலுத்துவிட்டது. என்னுடைய இரண்டு டிக்கெட்டும் இனி எனக்கு வேண்டாம். காசு வேண்டாம். வடக்கு வாசல்காரருக்கு முதல் உரிமை. பார்வை மோசம், ஆனால் நல்ல இடத்தில் உட்கார்ந்தால் தேறிவிடுவார். தபாலில் அனுப்ப மாட்டேன். நேரில் வர வேண்டும். ஏரிப் பக்கத்து மருத்துவமனை, நான்காம் மாடி, அறை 12. மதியத்துக்குப் பிறகு விழித்திருப்பேன். வருகிறவர்களை உள்ளே விடச் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று பேராக வந்தால் இன்னும் நல்லது. அந்தக் குதிகாலைப் பற்றிப் பேசலாம்."

மஞ்சள் பூசியிருந்தவை: இரண்டு டிக்கெட். மருத்துவமனை. நான்காம் மாடி. அறை 12.

மற்றதெல்லாம் வெள்ளை.


ஜனவரி 31, வெள்ளி

ஹேமாவிடம் கேட்டேன். அந்தக் கருத்தைத் திரும்பப் போட முடியுமா? முகவரியை மட்டும் மறைத்துவிட்டு.

"ரெண்டு நாள் தாண்டினா லாக் ஆயிடும். தெரியாதா உனக்கு?"

"இவர் விக்கல. சும்மா குடுக்கறார். வந்து பாருங்கன்னு கூப்பிடறார்."

"இங்க பாரு சுடர். நடுவர் வீட்டு அட்ரஸ் போட்டவங்களும் வந்து பாருங்கன்னுதான் போட்டாங்க. நீதானே அதையெல்லாம் எடுத்த? தனியா படுத்திருக்கற ஒரு வயசானவரோட ரூம் நம்பர நெட்ல விட்டு, எவனாவது போய் ஏதாவது பண்ணினா யார் பதில் சொல்றது? நீ எடுத்தது கரெக்ட்."

"வடக்கு வாசலுக்கு மட்டும் ஒரு மெயில்..."

"நாம யார்னே வெளிய தெரியக்கூடாது. நாம இல்லவே இல்ல. புரியுதா?"

அவர் கத்தவில்லை. என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் தேடினேன்.


பிப்ரவரி 3, திங்கள்

வடக்கு வாசல் நீளமாக எழுதியிருக்கிறார். தளத்தின் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டிருந்தார்கள். இயந்திரம் எங்களுக்கு அனுப்பவில்லை. மஞ்சள் பூச அதில் எதுவும் இல்லை.

114-இன் பெயர் லாயிட். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பிள்ளைகள் இல்லை. போன திங்கள் இறந்துவிட்டார். ஊர்ச் செய்தித்தாளில், முப்பத்தோரு வருடம் 114-ல் உட்கார்ந்தவர் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வடக்கு வாசல் அடக்கத்துக்குப் போயிருக்கிறார். மொத்தம் ஆறு பேர். லாயிடின் அண்ணன் மகளுடன் பேசியிருக்கிறார்.

கடைசிப் பகுதி இது.

"அவள் சொன்னாள்: கடைசி வாரம் தினமும் மதியம் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொல்வாராம். தலைசீவிவிடச் சொல்வாராம். ஹெரான்ஸ் ஆட்கள் என்னைப் பார்க்க வருவார்கள் என்பாராம். அவர் எங்கே இருக்கிறார் என்று யாரிடமும் சொல்லவே இல்லையே, பிறகு ஏன் வருவோம் என்று நினைத்தார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேனே. என் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். நான் கடைசியாக அவரிடம் சொன்னது, உங்களுக்கு வேறு வாழ்க்கையே இல்லையா என்பது. அதன்பிறகு அவர் எழுதவில்லை. நான் அப்படிச் சொன்னதால்தான் எழுதவில்லை. பச்சை இருந்தது, லாயிட்."

கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். உங்கள் தவறில்லை என்று பலர். உன் தவறுதான் என்று சிலர். அந்தச் சிலர் எங்களுக்கு வந்தார்கள். எடுத்தேன்.

படித்திருப்பார் என்று 25-ஆம் தேதி எழுதியிருக்கிறேன். எனக்கு அது எப்படித் தெரியும்?


பிப்ரவரி 4, செவ்வாய்

வாசிமிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சாப்பாட்டு மேசையில் அதுவே பேச்சாகிவிட்டது. புது பேட்சில் இரண்டு பேர். பயிற்சியில் எடுத்துக்காட்டாகப் பார்த்ததால் அந்தக் கருத்து அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

"ரூல்படி ரெண்டு மீறல். எடுக்கலன்னா அவங்களுக்கு மார்க் போயிருக்கும்."

"ரூல் சரி. ஃபிரீயா குடுத்தா அது விற்பனையா? அங்கயே முதல் மீறல் அடிபடுதுல்ல?"

"அட்ரஸ்?"

"அது ஆஸ்பத்திரி. வீடு இல்ல."

"ரூம் நம்பர் போட்டா வீடுதான்."

"அவர் ரூம் நம்பர அவரே போடறார்யா. அடுத்தவன் போட்டாதான் தப்பு."

"எங்க இருக்கு அப்படி? காட்டு."

ஒருவன் டிபன் பாக்ஸ் மூடியை நடுவில் வைத்து, இது விதி என்றான். இன்னொருவன் கரண்டியை அதன் விளிம்பில் வைத்தான். உள்ளேயா, வெளியேயா? நான் எதிரில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். பேசியவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. இரக்கத்தால் இருக்கலாம்.

எல்லோரும் எழுந்த பிறகு வாசிம் மட்டும் இருந்தான்.

"நானா இருந்தாலும் எடுத்திருப்பேன், சுடர்."

"தெரியும்."

"ஆறுதலுக்குச் சொல்லல. நெஜமாவே எடுத்திருப்பேன். நைட்டு வூட்டுக்குப் போய் நல்லா தூங்கியும் இருப்பேன். அதான் பயமா கீது."

"நான் அவங்களுக்கு எழுதட்டுமா? வடக்கு வாசலுக்கு."

தட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"எழுதினா இன்னா ஆவும்னு பாத்தியா? இப்போ அந்தாளு, தான் திட்டுனதால பெருசு பேசலன்னு நெனச்சுனுகீறாரு. நீ சொன்னா, பெருசு தன்ன பேரச் சொல்லிக் கூப்ட்டுச்சு, தான் போகலன்னு ஆவும். எது மேல்?"

நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

"உன் வேல போவும், அது வேற. தம்பி ஃபீஸு நீதான கட்ற?"

ஆமாம் என்றேன்.


பிப்ரவரி 5, புதன்

அம்மா.

"கொரல் ஏன் இப்படி இருக்கு?"

"சளிம்மா."

"சுக்கு போட்டுக் குடி. எதுத்த வீட்டு செண்பகத்துக்கு ஆப்பரேசன் ஆச்சுட்டி. போய்ப் பாத்துட்டு வாரேன். ஹார்லிக்ஸும் ரொட்டியும் வாங்கிட்டுப் போனேன். அவளுக்கு நாப்பது ஹார்லிக்ஸ் பாட்டில் சேந்துபோச்சு, கடையே வைக்கலாம்."

"யார் கூடப் போன?"

"யார் கூடன்னா? தெருவே போச்சு. அத்தன பேர விடமாட்டேன்னுட்டான் வாட்ச்மேன். அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா விட்டான். அவளுக்குப் பேசக்கூடத் தெம்பு இல்ல. ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துக்கிட்டே இருந்தா. யாரு வந்தா யாரு வரலன்னு கணக்கு வச்சிருப்பால்லா, வீட்டுக்கு வந்ததும் சண்டைக்கு நிப்பா."

"வராதவங்க கூடவா?"

"பின்ன? நீ வரலன்னு கேட்டா. மெட்ராஸ்ல வேலன்னு சொன்னேன், சொன்னா புரிஞ்சுக்கிடுவாள்லா. என்னட்டி, லைன்ல இருக்கியா?"

இருக்கிறேன் என்றேன்.

சொன்னால் புரிந்துகொள்வார்கள். சொல்லாவிட்டால்? அந்த அறையில் அவர் என்ன நினைத்துக்கொண்டு கதவைப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. கருத்து நீக்கப்பட்டதாக ஓர் அறிவிப்பு போயிருக்கும். அதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தலைசீவச் சொல்லியிருக்க மாட்டார். அல்லது பார்த்துவிட்டு, நீக்குவதற்குள் யாராவது படித்திருப்பார்கள் என்று நம்பியிருக்கலாம்.

வடக்கு வாசலுக்கு எது மேல் என்று வாசிம் கேட்டான். அதை நான் முடிவு செய்ய வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? அது அவருக்கு வந்தது. அவர் பெயர் போட்டு வந்தது. படித்துவிட்டு உடைந்துபோவதோ போகாததோ அவர் பாடு. என்னுடையது அதில் ஒரு வரிகூட இல்லை.


பிப்ரவரி 6, வியாழன்

ஆறு மணிக்கு முன்பே போய்விட்டேன். கைபேசிகளைப் பூட்டி வைக்கும் அறையில் யாரும் இல்லை. லாயிடை அடக்கம் செய்த நிறுவனம் அவருக்கென்று ஓர் இணையப் பக்கம் வைத்திருக்கிறது. இரங்கல் எழுதலாம். ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். வடக்கு வாசலும் எழுதியிருந்தார், சொந்தப் பெயரில்; 'பச்சை இருந்தது' என்று முடித்திருந்ததால் தெரிந்தது.

நின்றுகொண்டே எழுதினேன். ஆங்கிலத்தில். இங்கே தமிழில்.

"வடக்கு வாசல் என்ற பெயரில் எழுதுபவருக்கு. அவர் சொன்னார். உங்களிடம்தான் சொன்னார். நீங்கள் அவரைத் திட்டிய பிறகுதான் அதை எழுதினார். அதில் கோபம் இல்லை. நீங்கள் அதைப் பார்த்திருக்க வழியில்லை. வந்த கொஞ்ச நேரத்தில் நான் அதை நீக்கிவிட்டேன். அது என் வேலை. விதிப்படி நீக்கினேன். முழுவதையும் படிக்காமல் நீக்கினேன். அதற்குப் பிறகு அவர் எழுதாதது உங்களால் அல்ல, ஏழு நாள் எழுத முடியாதபடி அவரைத் தடுத்தது நான். அவர் எழுதியதைக் கீழே தருகிறேன். ஒரு சொல்லும் விடவில்லை."

அவர் எழுதியதைப் போட்டேன். மாடி, அறை எண் உட்பட. இனி அவற்றால் யாருக்கும் ஆபத்து இல்லை.

பெயர் கேட்டது. சுடர்க்கொடி என்று போட்டேன். ஊர் கேட்டது. சென்னை.

குடும்பத்தினர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியாகும் என்று வந்தது. வெளியாகாமலும் போகலாம்.

கைபேசியைப் பூட்டி வைத்தேன். ஹேமா வரும்வரை காத்திருந்து, அவர் கைப்பையை வைத்து உட்கார்ந்ததும் எதிரே போய் நின்று, செய்ததைச் சொன்னேன்.